பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு மாடிக் கீரை

ஒரு கட்டு அரைக்கீரையை ஆய்ந்து, மண் போக மூன்று தண்ணீரில் அலசி, பொடியாக நறுக்கி அடுப்பில் ஏற்ற எனக்கே அரை மணி நேரம் பிடிக்கும். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் 28 வருஷம் சமையலராக இருந்தவள் நான். காலை 7 மணிக்குத் தையல் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுகிற எங்கள் இரண்டாம் மாடிப் பெண்ணுக்கு அந்த அரை மணி எங்கிருந்து வரும்? அவள் வீட்டில் வாரத்தில் நாலு நாள் தக்காளி ரசமும் உருளைக்கிழங்கும்தான். கீரை வாங்கினால் ஆய ஆள் கிடையாது, மறுநாளே வாடிக் குப்பைக்குப் போகிறது. அதனால் வாங்குவதையே விட்டுவிட்டாள்.

மாடித்தோட்டம் என்றாலே மண், விதை, பூச்சி என்றுதான் பேச்சு ஓடும். அதெல்லாம் வேண்டியதுதான், கீழே சொல்கிறேன். ஆனால் பையில் கீரை முளைப்பது பாதி வேலை. அது ஆய்ந்த கீரையாக, கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்ளும் பங்காக, பக்கத்து வீட்டு அடுப்படிக்குப் போய்ச் சேர்வது மீதிப் பாதி. சென்னை பெரம்பூரில் 12 வீடுள்ள எங்கள் பழைய கட்டடத்தில் இந்த இரண்டையும் எப்படிச் செய்கிறோம் என்று எழுதுகிறேன். உங்கள் ஊருக்கும் மாடிக்கும் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆரம்பித்தது 2020 மே மாதம். கொரோனாவால் கோயம்பேடு சந்தையை மூடி, திருமழிசைக்கு மாற்றிய சமயம். எங்கள் தெருவுக்குத் தினமும் காலையில் கூடையோடு வரும் கீரைக்கார அம்மா வாரக்கணக்கில் வரவில்லை. இவ்வளவு பெரிய ஊருக்குக் கீரை ஒரே ஒரு வாசல் வழியாகத்தான் வருகிறதா என்று அப்போதுதான் உறைத்தது. அந்த வாரமே பழைய தண்ணீர் கேன்களைக் குறுக்கே வெட்டி வெந்தயம் தூவினேன். அடுத்து ஆசையில் தக்காளி, குடைமிளகாய், முட்டைக்கோஸ் எல்லாம் போட்டேன். மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிக் கிடைத்தது இரண்டு கிலோ தக்காளியும் ஒரு சின்ன கோஸும். 12 வீட்டுக்கு அதை எப்படிப் பிரிப்பது? கீரை என்றால் 25 நாளில் கைக்கு வரும், எல்லா வீட்டுக்கும் ஒரு பிடியாவது கிடைக்கும். அன்றிலிருந்து எங்கள் மாடியில் கீரைக்குத்தான் முதல் இடம்.

முதலில் மாடியைப் பாருங்கள்

விதை வாங்குவதற்கு முன்னால் கட்டடத்தில் இருக்கும் எல்லோரையும் ஒரு முறை உட்கார வைத்துப் பேசுங்கள். மொட்டை மாடி பொதுச் சொத்து. துணி காயப்போடும் இடம், வடாம் போடும் இடம், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழி, இவற்றைத் தொடாமல் மீதி இடத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டுங்கள். கோடு கண்ணுக்குத் தெரிந்தால் சண்டை பாதி குறையும்.

அடுத்தது எடை. பலரும் இதை யோசிப்பதே இல்லை. நனைந்த மண்கலவை லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும், வெறும் செம்மண் அதைவிட அதிகம். ஒரு சதுர மீட்டருக்கு 5 அங்குல உயரம் கலவை போட்டால் 127 லிட்டர், அதாவது சுமார் 130 கிலோ. 8 அங்குலம் போட்டால் 200 கிலோவைத் தாண்டும். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை கணக்கில் எடுத்துக்கொள்ளும் பாரமே சதுர மீட்டருக்கு 150 கிலோதான். கீரைக்கு 5 அங்குலம் தாராளம், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரும் பீமும் ஓடும் கோட்டின் மேலே வரிசையாக வையுங்கள். கட்டடம் ரொம்பப் பழசு, கம்பி தெரிகிறது, சீலிங் பூச்சு உதிர்கிறது என்றால் ஒரு பொறியாளரைக் கூட்டி வந்து காட்டாமல் ஒரு பைகூட ஏற்றாதீர்கள்.

மூன்றாவது, மழைத்தண்ணீர் இறங்கும் ஓட்டை. இதில் நான் பட்ட பாடு சொல்கிறேன். 2021 நவம்பர் மழையில் எங்கள் மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பைகளில் இருந்து வழிந்த தேங்காய்நார்த் தூள் போய் ஓட்டையை அடைத்திருக்கிறது. மூன்றாம் மாடி வீட்டுச் சீலிங்கில் ஈரம் படர்ந்து, அந்தத் தம்பி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அவர் கோபம் நியாயம். இப்போது ஓட்டை வாயில் கம்பி வலை, அதன் மேல் ஒரு கைப்பிடி தேங்காய் நார். மழைக்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் யாராவது ஒருவர் அதை எடுத்து உதறி வைப்பார். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமாகிவிட்டதால் உங்கள் மாடித் தண்ணீரும் கீழே ஒரு தொட்டிக்கோ கிணற்றுக்கோதான் போகும். எருக் கரைசல் அதில் கலக்கக் கூடாது. தண்ணீர் ஓடும் சரிவில் பை வைக்காதீர்கள். ஒவ்வொரு பையும் இரண்டு செங்கல் உயரத்தில் நிற்கட்டும். அடியில் காற்றோட்டம் இருந்தால் தளமும் காயும், எலியும் குடியேறாது.

பையும் கலவையும்

கீரைக்கென்றே அகலப் பைகள் விற்கிறார்கள், 3 அடிக்கு 2 அடி. அதுதான் எனக்குத் தோது. உருண்டைப் பையில் கீரை போட்டால் இடம் வீண். பழைய பெயின்ட் டப்பா, ரசாயன உர மூட்டை இரண்டும் வேண்டாம். இலையைத் தின்னப் போகிறோம், அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

கலவை மூன்று சம பங்கு: செம்மண், கோகோபீட் என்கிற தேங்காய்நார்த் தூள், மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம். ஒரு பைக்கு வேப்பம் புண்ணாக்கு இரண்டு கைப்பிடி. 5 கிலோ கோகோபீட் கட்டி ஒன்று ஊறினால் மூன்று பைக்கு வரும். கட்டியை உடைத்து அப்படியே கலந்துவிடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். என் முதல் நான்கு பைகளில் விதை முளைத்து இரண்டாம் நாளே நுனி கருகிச் செத்தது அந்த உப்பினால்தான். பெரிய டிரம்மில் ஊற வைத்து, மூன்று முறை தண்ணீரை வடித்துப் பிழிந்து எடுங்கள். முதல் தண்ணீர் டீ டிக்காஷன் மாதிரி வரும், மூன்றாவது வெளுத்திருக்கும்.

கலந்த மண்ணைப் பையில் நிரப்பித் தண்ணீர் தெளித்து 10 நாள் சும்மா விடுங்கள். புண்ணாக்கின் சூடு அடங்க வேண்டும். இந்தப் பத்து நாளில் கிளம்பும் களையைப் பிடுங்கிவிட்டால் பின்னால் வேலை மிச்சம்.

தோட்டக்கலைத் துறை பை, கோகோபீட், விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் எல்லாம் சேர்த்து மாடித்தோட்டத் தொகுப்பாக மானிய விலையில் கொடுப்பதுண்டு. 2013-14 வாக்கில் சென்னையிலும் கோவையிலும் ஆரம்பித்த ஏற்பாடு. வருஷத்துக்கு வருஷம் விலையும் பொருளும் மாறும், அதனால் உங்கள் பகுதி தோட்டக்கலை அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

உரத்தை எப்போதும் காசு கொடுத்து வாங்க முடியாது. அடுப்படிக் கழிவைத் துளை போட்ட டிரம்மில் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் மேலே காய்ந்த இலைச் சருகோ கோகோபீட்டோ தூவி, புளித்த மோரைத் தெளித்து மூடி வைத்தால் இரண்டு மாதத்தில் கருப்பு உரம் கிடைக்கும். சமைத்த சோறு, மீன் முள், எண்ணெய் போட வேண்டாம். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், சருகைக் கூட்டுங்கள். எங்களிடம் மூன்று டிரம் இருக்கிறது. ஒன்று நிரம்புகிறது, ஒன்று மக்குகிறது, ஒன்றில் இருந்து எடுக்கிறோம்.

எத்தனை பை வேண்டும்?

கணக்குப் போடாமல் ஆரம்பித்தால் எல்லாப் பையும் ஒரே வாரம் அறுவடைக்கு வரும், அப்புறம் ஒரு மாதம் ஒன்றும் இருக்காது. கூடத்தில் 200 பிள்ளைக்கு அரிசி அளந்த பழக்கம் எனக்கு, அதே மாதிரிதான் இதற்கும் அளந்தேன்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வேளைக்குக் கால் கிலோ கீரை. 12 வீட்டுக்கு வாரம் ஒரு முறை என்றால் 3 கிலோ. எங்கள் பை ஒன்றில் சிறுகீரையோ முளைக்கீரையோ வேரோடு பிடுங்கினால் அரை கிலோவுக்கு மேல், சில சமயம் முக்கால் கிலோ வரும். ஆக வாரத்துக்கு ஐந்து பை அறுவடைக்குத் தயாராக இருக்க வேண்டும். விதைத்ததில் இருந்து பிடுங்க 25 நாள், மண்ணைக் கிளறி உரம் போட்டு ஆற விட ஒரு வாரம், மொத்தம் ஐந்து வாரம் என்று வைத்துக்கொண்டால் 25 பை. நாங்கள் 24 பையில் ஓட்டுகிறோம். எல்லாம் சேர்த்து 144 சதுர அடிதான், மாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே நாளில் 24 பையும் வாங்கவில்லை. முதல் வருஷம் 6, மூன்று வருஷத்தில் மீதி.

வாரா வாரம் பிரித்துப் பிரித்து விதைக்கிறோம், அதுதான் முக்கியம். சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. எந்தப் பை எந்த நாள் விதைத்தது என்று அதில் எண் போட்டுவிடுவோம். பை மேலும் அதே எண் பெயின்டில் எழுதியிருக்கும்.

பாதிப் பைகளில் அரைக்கீரை. அது வேரோடு பிடுங்குவதல்ல, கிள்ளிக் கிள்ளி எடுப்பது. முதல் அறுப்பு 25, 30 நாளில். இரண்டு விரல்கடை தண்டை விட்டு அறுத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி துளிர்க்கும். மூன்று மாதம் வரை கொடுக்கும். சிறுகீரையும் முளைக்கீரையும் விட்டுப்போகும் வாரத்தை அரைக்கீரை காப்பாற்றும். தண்டுக்கீரைக்கு 40, 45 நாள் ஆகும், ஒன்றிரண்டு பை போதும்.

கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கொடிப்பசலை. ஒரு முழத் தண்டை நட்டால் போதும், கம்பியைப் பிடித்துக்கொண்டு வருஷம் முழுக்க ஏறும். தண்ணீர்த் தொட்டி நிழலில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும். இரண்டுக்கும் ஈரம் வேண்டும், தொட்டிக் குழாய் சொட்டுவது அவற்றுக்கே போகிறது. மணத்தக்காளி நீங்கள் விதைக்க வேண்டியதே இல்லை, குருவி போட்டுவிட்டுப் போகும். அதைக் களை என்று பிடுங்கிவிடாதீர்கள். வாய்ப்புண் வந்த வீட்டிலிருந்து முதலில் அதைத்தான் கேட்டு வருவார்கள்.

முருங்கையை மாடியில் ஏற்ற வேண்டாம். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு முழம் மண் இருந்தால் ஒரு போத்து, அதாவது வெட்டிய கிளை, நடுங்கள். வருஷம் ஒரு முறை நாலடி உயரத்தில் வெட்டிவிட்டால் பக்கக் கிளை வரும், கைக்கு எட்டும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வரும். அந்த மாதங்களில் விளையாடும் பிள்ளைகளை அதன் கீழே போக விடாதீர்கள்.

விதைப்பது

கீரை விதை கடுகைவிடச் சின்னது, பளபளவென்று கருப்பாக இருக்கும், கையில் நிற்காது. புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் அள்ளிக் கொட்டிவிடுவார்கள். ஒரு பைக்கு மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை போதும். அதை இரண்டு கை காய்ந்த மணலோடு கலந்து, கோலமாவு தூவுகிற மாதிரி விரல் இடுக்கு வழியே விடுங்கள். ஒரு தடவை நீளவாக்கில், ஒரு தடவை குறுக்கே. மேலே மண் போட்டு மூட வேண்டாம், சலித்த உரத்தை விதை மறைகிற அளவு தூவினால் போதும். உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிடுங்கள். பூவாளியை உயரத் தூக்கி மழை மாதிரி தெளிக்க வேண்டும். குவளையால் ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

எறும்பு வந்து விதையைத் தூக்கிக்கொண்டு போகும். மருந்து எதுவும் வேண்டாம். பையைச் சுற்றிக் கொஞ்சம் ரவையைத் தூவிவிடுங்கள், அதைத் தூக்கவே அதற்கு நேரம் சரியாக இருக்கும். மூன்று நான்கு நாளில் சிவப்பும் பச்சையுமாக முளை எழும்பும். முளைக்கும் வரை ஈரச் சாக்கு மூடி வைத்தால் வெயிலில் மண் காயாது. முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் வெளுத்து நெட்டையாகப் போய்விடும்.

பத்தாம் நாள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள். பிடுங்கிய இளசை எறியாதீர்கள், அதற்கு ஆய்கிற வேலைகூட இல்லை. பதினைந்தாம் நாள் பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளித்தால் இலை நன்றாக அகலும். பறிப்பதற்கு முந்தின பத்து நாளில் இந்த மாதிரி எதையும் தெளிப்பதில்லை என்பது எங்கள் விதி.

பூச்சிக்கு அதிகம் பயப்பட வேண்டாம். 25 நாள் பயிருக்குள் பூச்சி பெருகுவதற்குள் நாமே தின்றுவிடலாம். அசுவினி, வெள்ளை ஈ தெரிந்தால் வேப்பெண்ணெய் 5 மில்லியைக் காதி சோப்புக் கரைசல் கொஞ்சம் விட்டு ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம் தெரிந்தால் அது வெள்ளைத் துரு நோய். அந்தச் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அடுத்த முறை இடைவெளி விட்டு விதையுங்கள். எருத் தொட்டியில் அதைப் போடக் கூடாது. புறாத் தொல்லைக்கு வலை தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

தண்ணீருக்கு அரிசி களைந்தது, காய் அலசியது எல்லாம் நல்லது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரில் உப்பு அதிகம், அதை மட்டும் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதி என்றால் இலை ஓரம் கருகும். மழை பெய்யும்போது டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரை முளைப் பருவத்துக்கு மட்டுமாவது ஒதுக்குங்கள்.

பங்கு போடுவது

இங்கேதான் நாங்கள் ரொம்ப நாள் தடுமாறினோம்.

முதல் வருஷம் நான் பறித்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மாடிப்படி அடியில் கூடையை வைத்தேன். எடுத்துப் போனது எல்லாம் வீட்டில் ஆள் இருந்து, நேரமும் இருந்த வீடுகள். காவல்காரர் குடும்பம், கீழ்த்தளத்தில் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கும் வீடு, கைக்குழந்தைக்காரி, இவர்கள் யாரும் தொடவில்லை. ஒருநாள் காவல்கார அண்ணன் மனைவியிடமே கேட்டேன், ஏன்மா எடுக்கவில்லை என்று. "சும்மா எப்படிக்கா எடுக்கிறது" என்றாள். தூக்கி வாரிப் போட்டது எனக்கு. வேண்டியவர்களுக்குப் போகட்டும் என்று நான் இலவசமாக வைத்தேன், இலவசம் என்பதாலேயே அவர்கள் தள்ளி நின்றிருக்கிறார்கள்.

அடுத்த மாதமே முறையை மாற்றினோம். ஒவ்வொரு வீடும் ஏதோ ஒன்று போடுகிறது, ஒரு பங்கு எடுக்கிறது. போடுவது காசாக இருக்க வேண்டியதில்லை. காவல்கார அண்ணன் வீடு காலையில் தண்ணீர் விடுகிறது. ஒற்றை அறை வீட்டிலிருந்து அரிசி களைந்த தண்ணீர் தினமும் ஒரு வாளி வருகிறது. தையல் கம்பெனிப் பெண் கிழிந்த வலையைத் தைத்துத் தருகிறாள். நேரமே இல்லாத மூன்றாம் மாடித் தம்பி மாதம் 100 ரூபாய் போடுகிறார், விதையும் புண்ணாக்கும் அதில் வாங்குகிறோம். பங்கு எல்லோருக்கும் ஒரே அளவு. யார் என்ன போட்டார்கள் என்று கணக்கு எழுதி ஒட்டுவதில்லை. ஒட்டினால் அங்கேயே மேல் கீழ் வந்துவிடும்.

சரி, ஆய்வது? திங்கள், வியாழன் சாயங்காலம் 6 மணிக்கு மாடியில் பாய் விரிக்கிறோம். பறிப்பது 5 மணிக்கு மேல், வெயில் தாழ்ந்த பிறகு. ராத்திரியில் கீரை சாப்பிடுவது நம் வீடுகளில் வழக்கமில்லை, மறுநாள் செவ்வாயும் வெள்ளியும் பல வீடுகளில் கறி மீன் கிடையாது, கீரை செலவாகும். வாரம் இரண்டு நாள் என்பதால் ஒரு நாளைக்கு ஆறு வீட்டுப் பங்குதான் ஆய வேண்டியிருக்கும். நாலைந்து பேர் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வேரையும் முற்றிய தண்டையும் தனியே எருவுக்குப் போடுகிறோம். இளந்தண்டை இலையோடு விடுகிறோம், கூட்டுக்கு அது ருசி. வயசானவர்களுக்கு இந்த நேரம் பிடித்துப்போய்விட்டது. முதல் மாடிப் பாட்டிக்குக் கண் மங்கல், ஆனால் இலையை விரலால் தடவியே புழு அரித்ததை ஒதுக்கிவிடுவார்.

ஆய்ந்த கீரையைக் கழுவாமல் கொடுங்கள். கழுவினால் ராத்திரிக்குள் அழுகும். காட்டன் துணியில் தளரச் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் நிற்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் துணியை நனைத்துப் பிழிந்து சுற்றி, மண்பானைத் தண்ணீர்ப் பக்கத்தில் வைத்தால் காலை வரை வாடாது. பிளாஸ்டிக் கவர் வேண்டாம். 12 வீட்டுக்கும் பழைய வேட்டி கிழித்து இரண்டிரண்டு துணி தைத்து வைத்திருக்கிறோம், கீரை வாங்க வரும்போது முந்தின துணியைக் கொடுக்க வேண்டும்.

மீதம் இருந்தால் தெருக்கோடி அங்கன்வாடிக்கு. நாமாகப் போய் இறக்கிவிடக் கூடாது. அங்கே இருப்பவர்களிடம் முன்கூட்டிக் கேளுங்கள், என்றைக்கு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று. வேண்டாம் என்றால் வருத்தப்படாதீர்கள். சமைக்கும் கையின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆயாத பத்துக் கட்டுக் கீரையை 11 மணிக்குக் கொண்டுவந்து வைத்தால் அதற்குப் பெயர் உதவி இல்லை.

அடுப்புக்குப் போன பிறகு

2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. எங்கள் கட்டடத்துப் பெண்கள் முகத்திலும் அதைப் பார்க்கிறேன். கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது, ஆனால் உடம்பு அதை அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ளாது. வைட்டமின் சி உள்ள புளிப்பு வேண்டும். இறக்கிய பிறகு எலுமிச்சை அரை மூடி பிழிந்தால், அல்லது சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் கடித்தால் சத்து கூடுதலாக ஒட்டும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அதைக் கெடுத்துவிடும், ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைக் கீரை சாப்பிடுகிறோமே என்று யாரும் நிறுத்திவிடக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் எவ்வளவு கீரை சேர்க்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் என் கூடத்து அனுபவம் ஒன்று. கீரையைத் தனிப் பொரியலாக வைத்தால் தட்டு ஓரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அதையே ரொம்பப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்பு குழைந்த பிறகு போட்டு, ஐந்து நிமிடம் மூடாமல் வேக விட்டு, பூண்டும் சீரகமும் தாளித்துச் சோற்றில் பிசைந்து கொடுத்தால் தட்டு காலி. நேரமில்லாத வீட்டுக்கும் இதுதான் சுலபம். பருப்பை ராத்திரியே வேக வைத்துவிட்டால், காலையில் கீரையை அலசி நறுக்கிப் போட்டுப் பத்து நிமிடத்தில் இறக்கலாம். எங்கள் தையல் கம்பெனிப் பெண் இப்போது வாரம் ஒரு நாள் இதைத்தான் டிபன் டப்பாவில் எடுத்துப் போகிறாள்.

வெயிலும் மழையும்

அக்கினி நட்சத்திரத்தில் சிறுகீரை வதங்கும், சீக்கிரம் பூ விடும். வெயிலைப் பாதியாகக் குறைக்கும் 50 சதவீத பச்சை நிழல்வலையைக் கட்டுங்கள். காலை 7 மணிக்கு முன்பும் சாயங்காலம் 5 மணிக்குப் பிறகும் தண்ணீர் விடுங்கள். அந்த ஒரு மாதம் பாதிப் பையைச் சும்மா போட்டு, பசலையையும் பொன்னாங்கண்ணியையும் நம்பி இருங்கள். 2019 கோடையில் ஏரிகள் வற்றிச் சென்னை லாரித் தண்ணீருக்கு நின்றதை மறக்க முடியுமா? அந்த மாதிரி வருஷம் வந்தால் குடிக்கிற தண்ணீருக்குத்தான் முதலிடம், தோட்டத்தை நிறுத்திவிட வேண்டியதுதான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விதைத்தால் விதை மிதந்து போகும். வளைத்த குழாய் மேல் பாலிதீன் போர்த்திக் கூண்டு மாதிரி செய்தால் நாலைந்து பையைக் காப்பாற்றலாம். புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாக வலையையும் பாலிதீனையும் கழற்றிக் கீழே கொண்டுபோய்விடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு நாங்கள் வலையைக் கழற்றாமல் விட்டு, அது பிய்த்துக்கொண்டு எதிர் வீட்டு மின்கம்பியில் போய் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, தெய்வச் செயல். மார்கழி, தையில் வெந்தயம், கொத்தமல்லி, பாலக் எல்லாம் சொன்னபடி கேட்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மழை ஓய்ந்த அந்த மாதங்கள்தான் தோது.

விதைக்கு

ஒவ்வொரு ரகத்திலும் நல்ல செடியாக ஐந்தாறை அறுக்காமல் விடுங்கள். கதிர் விட்டு, அடியில் இருந்து பழுப்பேறும்போது வெட்டிக் காகிதத்தின் மேல் தலைகீழாக நிழலில் தொங்க விடுங்கள். காய்ந்ததும் உள்ளங்கையில் கசக்கி முறத்தில் புடைத்தால் விதை நிற்கும். ஒரு சிட்டிகை சாம்பல் கலந்து காகிதத்தில் மடித்து, எடுத்த மாதத்தை மேலே எழுதுங்கள். ஒரு செடியில் எடுத்த விதையே பல பைக்கு வரும், அதனால் கொடுக்கத் தயங்காதீர்கள்.

பின்தெருக் கட்டடத்து அம்மா ஒருவர் இந்த வருஷம் ஆடியில் கேட்டு வந்தார். அரைக்கீரை ஒரு பொட்டலம், முளைக்கீரை ஒரு பொட்டலம், ஒரு முழப் பசலைத் தண்டு கொடுத்தேன். சிட்டிகைதான், அள்ளிப் போட்டுவிடாதீர்கள் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன். பத்தாம் நாள் அவர் மாடியில் நின்று எங்கள் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அக்கா, ரொம்ப நெருக்கமா வந்திருக்கு, மண்ணே தெரியலை. என்ன பண்றது?"

"பாதியைப் பிடுங்கி இன்னிக்கே பருப்புல போடுங்க," என்றேன்.